மீட்டெடுத்த சுரங்க நிலம்: மண் அறிக்கை நன்றாக இருக்கிறது, கன்றுகள் மட்டும் வளரவில்லை

புதுமேடு (கேள்வி)

வணக்கம். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வெட்டி முடித்த பகுதியை நிரப்பிச் சமன்படுத்தி, மேல்மண் பரப்பி மீட்டெடுத்த நிலத்தின் மண் கண்காணிப்பு ஆறு மாதங்களுக்கு முன் என் பொறுப்புக்கு வந்தது. பரப்பு 40 ஹெக்டேர். மேல்மண்ணை 25 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பியதாகப் பதிவேடு சொல்கிறது. அதற்குக் கீழே இருப்பது ஓவர்பர்டன், அதாவது கரிப்படுகைக்கு மேலிருந்து வெட்டி எடுத்த மண்ணும் உடைந்த பாறையும் கலந்த கழிவு. இந்த மேல்மண் பரப்பப்படுவதற்கு முன் நான்கு ஆண்டுகள் குவியலாகக் கிடந்திருக்கிறது. குவியலின் உயரம் 6 மீட்டருக்கும் மேல் இருந்ததைப் பழைய படங்களில் பார்த்தேன்.

முதல் ஆண்டில் விதைத்த புல் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்ததாம். இரண்டாம் ஆண்டில் மெலிந்து, இப்போது மூன்றாம் ஆண்டில் பெரும்பகுதி வெளிர்மஞ்சளாக நிற்கிறது. நட்ட மரக்கன்றுகள் சாகவுமில்லை, வளரவுமில்லை. இவை போதாதென்று, இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள திட்டுகள் சில இடங்களில் முற்றிலும் வெறுமையாகக் கிடக்கின்றன.

மண் பரிசோதனை அறிக்கையோ இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. 20 இடங்களில் 0 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்து ஒன்றாகக் கலந்த மாதிரியில் பிஎச் 6.3, மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 0.6 டெசிசீமென்ஸ், கரிம கார்பன் 2.8 சதவீதம். பக்கத்தில் சுரங்கம் தொடாத நிலத்தில் கரிம கார்பன் 1.1 சதவீதம்தான். ஆகவே எங்கள் மேலாளர், இருந்த மண்ணைவிட நல்ல மண்ணை உருவாக்கிவிட்டோம், கன்றுகளின் தரம்தான் சரியில்லை என்கிறார். எனக்கு அந்த முடிவில் மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துப் பேசக் கையில் எண்கள் இல்லை.

இந்த அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்? எவற்றை, எவ்வளவு ஆழத்தில், எத்தனை காலத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும்? மேலும் தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் இட்டுப் பார்க்கலாமா என்ற யோசனையும் இங்கே இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

ஆய்வகத்தான்

உங்கள் மேலாளர் சுட்டிக்காட்டும் அந்த 2.8 சதவீதத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சந்தேகம் அங்கேதான் முதலில் எழ வேண்டும். 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் மண், பரும அடர்த்தி, அதாவது துளைகளையும் சேர்த்து ஒரு கன சென்டிமீட்டர் உலர்ந்த மண்ணின் எடை, 1.4 கிராம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 2,100 டன் எடையிருக்கும். 1.1 சதவீதத்துக்கும் 2.8 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 36 டன் கார்பன். நல்ல புல்வெளியின் கீழ் ஆண்டுக்கு ஒன்றிரண்டு டன் கார்பன் சேர்ந்தாலே அதை நல்ல வேகம் என்போம். மூன்று ஆண்டுகளில், அதுவும் வரவர மெலிந்துகொண்டே போகும் புல்லின் கீழ், 36 டன் எங்கிருந்து வந்திருக்க முடியும்?

நிலக்கரித் துகளிலிருந்துதான். சுரங்க நிலத்தில் காற்றிலும் வண்டிச் சக்கரத்திலும் ஓவர்பர்டனிலும் வரும் கரித்தூள் மண்ணோடு கலந்துவிடும். மாதிரியை உலர்த்தி எரித்து அளக்கும் கருவி, மக்கிய இலையின் கார்பனையும் கரியின் கார்பனையும் ஒன்றாகவே எண்ணுகிறது. டைக்ரோமேட் என்ற வேதிப்பொருளைக் கொண்டு அளக்கும் பழைய வாக்லி-பிளாக் முறை கரியின் ஒரு பகுதியை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்வதால், அந்த எண் கூடுதலாகவும் இருக்கும், எவ்வளவு கூடுதல் என்று சொல்லவும் முடியாது. எந்த முறையில் அளந்தார்கள் என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். அத்துடன் மொத்தத் தழைச்சத்தையும் அளக்கச் சொல்லி, கார்பனைத் தழைச்சத்தால் வகுத்துப் பாருங்கள். மக்கிய பொருள் நிறைந்த மண்ணில் இந்த விகிதம் பெரும்பாலும் 10 முதல் 12 வரை இருக்கும். உங்கள் மண்ணில் அது 25, 30 என்று வந்தால், நீங்கள் அளந்தது மண்ணின் வளத்தை அன்று. கதிரியக்கக் கார்பன் அளவீட்டால் இரண்டையும் துல்லியமாகப் பிரிக்கலாம், ஏனென்றால் கரியில் கார்பன்-14 மிஞ்சியிருப்பதில்லை. ஆனால் செலவு மிகுதியான அந்த முறையை ஆண்டுதோறும் செய்ய இயலாது. அன்றாடத்துக்கு எளிய வழி மண்ணின் சுவாசத்தை அளப்பது. ஈரப்படுத்திய மண்ணை மூடிய ஜாடியில் வைத்து, உள்ளே ஒரு சிறு கிண்ணத்தில் காரக் கரைசல் வைத்தால், நுண்ணுயிர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்து நிலத்து மண்ணோடு ஒப்பிட்டால் எது உயிருள்ள கார்பன், எது வெறும் கரி என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று. ஆய்வகத்தில் மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக் கல்லை ஒதுக்கிவிட்டுத்தான் சோதிக்கிறோம். உங்கள் நிலத்தில் கொள்ளளவில் பாதி கல்லாக இருந்தால், அறிக்கையில் உள்ள சத்தும் நீர்ப்பிடிப்பும் வேருக்குக் கிடைப்பது பாதிதான். நாங்கள் குப்பையில் கொட்டும் அந்தக் கல்லின் எடையை அறிக்கையில் எழுதும்படி யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

குழிவெட்டி

மேலே நண்பர் எழுதியதை வழிமொழிகிறேன். ஆனால் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்னால் மண்வெட்டியை எடுங்கள் என்பேன். 15 சென்டிமீட்டர் வரை மட்டும் மாதிரி எடுப்பது ஆண்டாண்டாக உரமிட்டு உழும் வயலிலிருந்து வந்த பழக்கம். வயலில் அதற்குக் கீழே இயற்கையான அடிமண் இருக்கிறது என்று நம்பலாம். இங்கே அதற்குக் கீழே இருப்பது சில ஆண்டுகளுக்கு முன்பு வரை 30, 40 மீட்டர் ஆழத்தில் பாறையாகக் கிடந்த ஒன்று. மரக்கன்றின் பிழைப்பு அங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் அந்த முதலாண்டுப் புல்லைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கண்டு ஏமாறாதவர்கள் குறைவு. 6 மீட்டர் உயரக் குவியலின் உட்புறத்துக்குக் காற்று போகாது. களிப்பாங்கான மண்ணாக இருந்தால் மேலிருந்து ஒரு மீட்டருக்குக் கீழேயே மூச்சடைப்பு தொடங்கிவிடும். அங்கே மண்புழு செத்துப்போகும், வேர்ப்பூஞ்சையின் வித்துகள் குறைந்துபோகும். மக்கும் பொருளிலிருந்து வரும் தழைச்சத்து, காற்றில்லாததால் நைட்ரேட்டாக மாறாமல் அம்மோனியமாகவே தேங்கி நிற்கும். அந்தக் குவியலைக் கலைத்துப் பரப்பியதும் காற்றுப் பட்டு, தேங்கிய அம்மோனியம் முழுவதும் சில மாதங்களில் நைட்ரேட்டாகிவிடுகிறது. புல் அதைத் தின்று கொழுக்கிறது. மிச்சம் மழையோடு கீழே கசிந்து போய்விடுகிறது. நீங்கள் கேள்விப்பட்ட முழங்கால் உயரப் புல் நான்கு ஆண்டுச் சேமிப்பை ஒரே பருவத்தில் செலவழித்ததன் அடையாளம். அதன் பிறகு தழைச்சத்தைத் தொடர்ந்து விடுவிக்க வேண்டிய உயிர்களும் மக்கிய பொருளும் அந்த மண்ணில் போதுமான அளவு இல்லை. அதனால்தான் மஞ்சள். குவியலை 2, 3 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், கூடுமானால் குவிக்காமல் வெட்டிய மண்ணை நேரே அடுத்த பகுதியில் கொண்டுபோய்ப் பரப்புங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். சுரங்கத்தின் அடுத்த பகுதியில் இன்னும் மேல்மண் அகற்றப்படவில்லை என்றால், இந்தப் பாடத்தை அங்கேயாவது எழுதிவையுங்கள்.

இரண்டாவது, இறுக்கம். நிலம் பார்க்க எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. விளையாட்டுத் திடல்போல வழவழப்பாகச் சமன்செய்திருந்தால் எனக்குப் பயம்தான். சுமையேற்றிய டம்பரின் எடை நூறு டன்னைத் தாண்டும். அது ஓடி ஓடி, அதன் மேல் புல்டோசர் பத்து முறை போய், மழை பெய்த மறுநாளும் வேலை நின்றிருக்காவிட்டால், மேல்மண்ணுக்குக் கீழே ஒரு தளம் உருவாகியிருக்கும். அமெரிக்காவில் திறந்தவெளிச் சுரங்க நில மீட்புக்கான 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், முதல்தர விளைநிலமாக இருந்த இடங்களில் வேர் இறங்கும் மண்ணை 48 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.2 மீட்டர் கனத்துக்குத் திருப்பி அமைக்க வேண்டும் என்றன. அப்படி அமைத்த இல்லினாய் மக்காச்சோள நிலங்களிலும் விளைச்சல் பழைய நிலைக்கு எளிதில் திரும்பவில்லை. 1980-களில் அங்கே நடந்த ஆய்வுகள் உரக் குறைவைவிட இறுக்கத்தையே முதன்மைக் காரணமாகக் காட்டின. அப்பலாச்சிய மலைப்பகுதியில் மரம் வளர்க்கும் திட்டங்கள் பிற்பாடு 1.2 மீட்டர் கனத்துக்கு இறுகாத மண், மேடுபள்ளமான மேற்பரப்பு என்று முறையையே மாற்றிக்கொண்டன. மேற்பரப்பு அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் மரக்கன்றுக்கு முதல் எதிரி.

ஆகவே ஐந்தாறு இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். நன்றாக இருக்கும் இடம், மஞ்சளாக இருக்கும் இடம், வெறும் திட்டு, பக்கத்துப் பழைய நிலம் ஆகிய எல்லாவற்றிலும் வேண்டும். ஒரு குழியாவது ஒரு கன்றை ஒட்டியபடி இருக்கட்டும். வேர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மண்ணில் கம்பியை அழுத்தி அதன் எதிர்ப்பை அளக்கும் ஊடுருவல்மானி இருந்தால் பயன்படுத்துங்கள், 2 மெகாபாஸ்கலுக்கு மேல் போனால் வேர் திணறும். ஆனால் கல்லில் முனை இடித்தாலும் அதே எண்ணைக் காட்டும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். பரும அடர்த்தி அளக்க உருளைக் குழாய் கல் மண்ணில் இறங்காது. சிறு குழி தோண்டி, எடுத்த மண் முழுவதையும் பையில் சேர்த்து, குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அளந்த தண்ணீரை விளிம்புவரை ஊற்றினால் கொள்ளளவு கிடைத்துவிடும். மண்ணை உலர்த்தி நிறுத்து, கல்லின் எடையையும் கொள்ளளவையும் கழித்துக்கொள்ளுங்கள். மணற்பாங்கான மண்ணில் 1.8-க்கு மேலும், களிமண்ணில் 1.47-க்கு மேலும் போனால் வேர் நுழைவது அரிது. மற்ற மண் வகைகள் இவற்றுக்கு இடையில் வரும்.

பசுங்கோடு

குழி வெட்டுவதை மறுக்கவில்லை. ஆனால் 40 ஹெக்டேருக்கு ஐந்தாறு குழி என்பது கடலில் கை நனைப்பது. செயற்கைக்கோள் படத்திலிருந்து தாவரப் பசுமைக் குறியீட்டைக் கணித்தால் முழு நிலமும் மூன்று ஆண்டுகளாக எப்படி மாறிவந்திருக்கிறது என்பது ஒரே மேசையில் தெரிந்துவிடும். மஞ்சளுக்குக் காரணம் தழைச்சத்துதான் என்று குழிவெட்டியே சொல்லிவிட்ட பிறகு, யூரியா இட்டு இந்தப் பருவத்தையாவது காப்பாற்றலாமே.

குழிவெட்டி

படத்தை நானும் பயன்படுத்துகிறேன், எங்கே குழி வெட்டுவது என்று முடிவுசெய்வதற்கு. பசுமைக் குறியீடு பசுமையைத்தான் காட்டும். களை மண்டிய சரிவும் அதில் நல்ல நிலமாகவே தெரியும். முதலாண்டில் இந்த நிலத்தைப் படமெடுத்திருந்தால் உலகத்திலேயே சிறந்த மீட்பு என்று பரிசு கொடுத்திருப்பார்கள். யூரியா புல்லை மீண்டும் கிளப்பும். கிளம்பிய புல் கன்றின் தண்ணீரைக் குடிக்கும். தழைச்சத்து வேண்டுமென்றால் பயறு வகைச் செடிகளை ஊடே விதைத்து, வேரில் முடிச்சு பிடிக்கிறதா, முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு இருந்தால் தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று பொருள்.

புதுமேடு

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. படத்தைப் பார்த்து இடம் தேர்ந்து, கடந்த பத்து நாள்களில் ஏழு குழிகள் வெட்டினோம். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

மஞ்சள் பகுதியில் மூன்று குழிகள். மேல்மண்ணின் கனம் 19, 24, 27 சென்டிமீட்டர். மூன்றிலும் மேல்மண் முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல மாற்றம் இருக்கிறது. அதற்குக் கீழே சாம்பல் நிற மண் தட்டுத் தட்டாக, ஓடு உடைவதுபோல உடைகிறது. கன்று ஒன்றின் ஆணிவேர் 24 சென்டிமீட்டர் வரை நேராக இறங்கி, அங்கே முழங்கையை மடக்கியதுபோலத் திரும்பி, 60 சென்டிமீட்டர் தூரம் கிடையாகவே ஓடியிருந்தது. அதன் அடிப்பக்கம் தட்டையாகிவிட்டது. தண்ணீர் முறையில் அளந்ததில் மேல்மண்ணின் அடர்த்தி 1.36, கீழே 1.74, கீழ்மண் களி கலந்த குறுமண். மழைக்கு நான்கு நாள் கழித்து வெட்டிய குழியில் அந்தக் கோட்டுக்கு மேலே மட்டும் மண் சொதசொதவென்று நீலச்சாம்பல் புள்ளிகளோடு இருந்தது; கீழே உலர்ந்திருந்தது.

வெறும் திட்டுகளில் வெட்டிய இரண்டு குழிகள் வேறு கதை. மேல்மண் 8 சென்டிமீட்டர்தான் இருந்தது. கீழே கறுஞ்சாம்பல் நிறக் களிப்பாறைச் சில்லுகள். அவற்றின் மேல் வைக்கோல் நிற மஞ்சள் பூச்சு விரலில் மாவுபோல ஒட்டுகிறது. பிஎச் தாள் 3-க்குப் பக்கத்தில் காட்டியது. பக்கத்து நிலத்தில் வெட்டிய இரண்டு குழிகளிலும் வேர்கள் 80 சென்டிமீட்டருக்குக் கீழேயும் தெரிந்தன.

கார்பனுக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதமும் வந்துவிட்டது: 27. ஆய்வகத்தான் சொன்னது சரி. பெரிய உளிக்கலப்பையை வாடகைக்கு எடுத்து 40 ஹெக்டேரையும் 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிழித்துவிடலாம் என்று மேலாளர் இப்போது உற்சாகமாக இருக்கிறார். செய்யலாமா?

கந்தகக்கல்

பொறுங்கள். அந்த வைக்கோல் நிறப் பூச்சைப் பார்த்த பிறகு கலப்பையை நிலத்துக்குள் விடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்.

நீங்கள் விரலில் தொட்டது பெரும்பாலும் ஜரோசைட். பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு ஆக்சிஜனேற்றமடைந்து கந்தக அமிலமாகும்போது, கடும் அமில நிலையில் உருவாகும் மஞ்சள் கனிமம் அது. கரிப்படுகையை ஒட்டிய களிப்பாறையில் பைரைட் இருப்பது வழக்கம். பூமிக்குள் காற்றில்லாமல் இருந்தவரை அது சும்மா இருந்தது. பிஎச் 4-க்குக் கீழே இறங்கியதும் கரைந்த பெரிக் இரும்பே பைரைட்டைத் தாக்கத் தொடங்குகிறது. பயன்பட்டுக் குறைந்த அந்த இரும்பை அமிலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் கொடுக்கின்றன. அதன்பின் வினை தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஓடும். அந்த நிலையில் கரையும் அலுமினியம் வேர் நுனியைக் கருக்கிவிடுவதால் திட்டில் புல் ஒன்றுகூட நிற்பதில்லை.

இப்போது கலப்பைக்கு வருகிறேன். இறுகிய மண் வேரைத் தடுக்கிறது. அதே இறுக்கம்தான் காற்றையும் நீரையும் கீழே போகவிடாமல் தடுத்து, அங்கே பைரைட் இருந்தால் அதையும் அடக்கி வைத்திருக்கிறது. மஞ்சள் பகுதியின் சாம்பல் நிற அடிமண்ணில் பைரைட் எவ்வளவு என்று தெரியாமல் கிழித்தால், வெறும் திட்டை நீங்களே 40 ஹெக்டேருக்கு விரிவுபடுத்தியவராவீர்கள். இன்றைய பிஎச் 6 என்று காட்டுவது ஆறுதல் அன்று. ஆக்சிஜனேற்றம் அடையாத பைரைட் பிஎச் அளவீட்டில் தெரியவே தெரியாது.

ஆகவே ஒவ்வொரு குழியிலும் அடுக்குவாரியாக அமில-காரக் கணக்குப் போட வேண்டும். கணக்கு எளிது. 1 சதவீதம் பைரைட் கந்தகம் உள்ள 1,000 டன் பொருள் முழுவதும் ஆக்சிஜனேற்றமடைந்தால், அந்த அமிலத்தை ஈடுகட்ட 31.25 டன் கால்சியம் கார்பனேட் தேவை. அந்தப் பொருளிலேயே எவ்வளவு கார்பனேட் இருக்கிறது என்பதை அளந்து கழித்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு, திட்டில் 0.6 சதவீதம் பைரைட் கந்தகம் இருந்து, கார்பனேட் எதுவும் இல்லை என்றால், 1,000 டன்னுக்கு 18.75 டன். 30 சென்டிமீட்டர் கனத்தில் அடர்த்தி 1.5 என்றால் ஒரு ஹெக்டேரில் 4,500 டன் மண். தேவைப்படும் சுண்ணாம்புக் கல் தூள் 84 டன். வயலுக்கான சுண்ணாம்புத் தேவைச் சோதனை இதே மண்ணுக்கு இதில் சிறு பங்கைத்தான் பரிந்துரைக்கும், ஏனென்றால் அது இன்றைய அமிலத்தை மட்டுமே பார்க்கிறது. அந்த அளவைப் போட்டவர்கள் ஒரு பருவம் புல்லைப் பார்த்துவிட்டு, மறுபருவம் மீண்டும் வெறும் தரையைப் பார்ப்பார்கள். ஜெர்மனியின் லுசாட்சியா பழுப்பு நிலக்கரிப் பகுதியில் பிஎச் 3-க்கும் கீழே போன கழிவு மேடுகளில் சுண்ணாம்பையும் காரத்தன்மையுள்ள சாம்பலையும் மேலே தூவாமல் ஆழமாகக் கலந்தது இதனால்தான். மேலே போட்ட சுண்ணாம்பு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூட இறங்காது.

உறுதிசெய்துகொள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு சோதனையும் உண்டு. பொடித்த மாதிரி 2.5 கிராமில் 15 சதவீதப் பெராக்சைடு 250 மில்லிலிட்டர் ஊற்றி, வினை முடிந்து கொதிக்கவைத்து ஆறிய பின் பிஎச் 4.5-க்குக் கீழே இருந்தால், அது அமிலம் ஈனும் பொருள். ஆனால் உங்கள் மண்ணில் கரித்தூள் இருக்கிறதே. பெராக்சைடு கரியையும் தாக்கிக் கரிம அமிலங்களை உண்டாக்கி, இல்லாத பைரைட்டை இருப்பதாகக் காட்டக்கூடும். எனவே இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாதிரியை ஈரத்தோடு பையில் கட்டி வாரக்கணக்கில் வண்டியில் வைக்காதீர்கள். பைரைட் பைக்குள்ளேயே ஆக்சிஜனேற்றமடையும். உடனே பரப்பி உலர்த்திவிடுங்கள்.

குழிவெட்டி

கந்தகக்கல் சொன்னதைத் தலைமேல் வைத்துக்கொள்கிறேன். இறுக்கத்தைப் பற்றி எழுதிய வேகத்தில் கிழிப்பது பற்றி எச்சரிக்கை சொல்ல மறந்தது என் பிழை.

நீங்கள் கேட்ட கண்காணிப்புத் திட்டத்துக்கு இப்போது வடிவம் சொல்லலாம். நிலத்தை ஒரே துண்டாகப் பார்ப்பதை விடுங்கள். குறைந்தது மூன்று வகை நிலம் அங்கே இருக்கிறது: நன்றாக இருப்பது, இறுகியது, அமிலத் திட்டு. ஒவ்வொன்றிலும் நிலையான புள்ளிகளைக் குறித்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில், அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் மாதிரி எடுங்கள். புள்ளிகளின் மாதிரிகளை ஒன்றோடொன்று கலக்காதீர்கள். ஆழம் 0–10, 10–30, 30–60, 60–100 சென்டிமீட்டர் என்று இருக்கட்டும். மேல்மண்ணும் கழிவும் சந்திக்கும் கோடு எந்த அடுக்கிலாவது நடுவில் விழுந்தால், அந்த அடுக்கைக் கோட்டிலேயே பிரித்து இரண்டாக எடுங்கள். பிஎச், மின்கடத்துத் திறன், கிடைக்கும் தழைச்சத்து ஆகியவற்றை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். பரும அடர்த்தியும் கார்பனும் மெதுவாக மாறுபவை; மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை போதும், ஆண்டுக்காண்டு அளந்தால் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அளப்பீர்கள். சோடியம் விகிதத்தை, அதாவது கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பதை, ஒரு முறையாவது பாருங்கள். அது 13-க்கு மேல் இருந்தால் ஜிப்சம் இல்லாமல் செய்யும் எந்த வேலையும் அடுத்த மழையில் கரைந்து பூசிக்கொள்ளும். வீட்டிலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு: உலர்ந்த மண்கட்டி ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் ஆடாமல் போட்டு வையுங்கள், சுற்றிலும் பால்போலக் கலங்கினால் சோடியத்தைச் சந்தேகியுங்கள்.

சரிவுகளில் இரும்புக் கம்பிகளை அடித்துத் தலை வெளியே தெரியும் நீளத்தைக் குறித்துவையுங்கள். மண் ஒரு மில்லிமீட்டர் போனால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 13 டன் போயிற்று என்று பொருள், உங்களிடம் இருப்பதோ 25 சென்டிமீட்டர்தான். மேட்டின் அடிவாரத்தில் கசிவு ஏதும் இருந்தால் அந்த நீரில் சல்பேட்டை அளப்பதை விட்டுவிடாதீர்கள். உள்ளே கார்பனேட் மிச்சமிருக்கும்வரை அமிலம் ஈடாகிக்கொண்டே இருக்கும், பிஎச் அசையாது. சல்பேட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பிஎச் விழுந்த பிறகு தெரிந்துகொள்வதற்கும் பல பருவங்களுக்கு முன்பே தெரிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஓர் அளவீட்டில் இருக்கிறது.

எத்தனை ஆண்டுகள் என்று கேட்டால், நான் சொன்ன அந்த அமெரிக்கச் சட்டம் ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேல் உள்ள இடங்களில் 5 ஆண்டுகளும், அதற்குக் குறைந்த வறண்ட இடங்களில் 10 ஆண்டுகளும் சுரங்கத்தாரைப் பொறுப்பில் வைக்கிறது. அந்தக் கணக்கு, கூடுதலாக விதைத்து உரமிட்டு நீர்பாய்ச்சும் பணி கடைசியாக நின்ற ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. உரம் போட்டுக் காட்டும் பச்சை கணக்கில் வராது என்பதுதான் அதன் உட்பொருள். உங்கள் இடத்தில் சட்டம் எதுவாக இருந்தாலும் அந்த அளவுகோலை உங்கள் பதிவேட்டில் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்தான்

ஒரு சிறு சேர்க்கை. ஒவ்வொரு மாதிரியிலும் அரைக் கிலோ உலர்த்தி, மூடிய டப்பாவில், புள்ளியும் ஆழமும் தேதியும் எழுதிப் பாதுகாத்து வையுங்கள். ஐந்தாண்டுகள் கழித்து வேறு ஆய்வகம், வேறு முறை என்று மாறும்போது, பழைய மண்ணையும் புதிய மண்ணையும் ஒரே நாளில் ஒரே கருவியில் ஓட்டிப் பார்க்க அது ஒன்றே வழி. காகிதத்தில் எழுதிய எண்ணை மறுபடி சோதிக்க முடியாது.

புதுமேடு

அடுக்குவாரி முடிவுகள் வந்துவிட்டன. மஞ்சள் பகுதியின் சாம்பல் நிற அடிமண்ணில் மூன்று குழிகளில் இரண்டில் பைரைட் கந்தகம் 0.05 சதவீதத்துக்கும் குறைவு, கார்பனேட் அதைப்போலப் பல மடங்கு ஈடுகட்டும் அளவுக்கு இருக்கிறது. மூன்றாவது குழியில் 60 சென்டிமீட்டருக்குக் கீழே 0.4 சதவீதம், கார்பனேட் இல்லை. அது திட்டுகள் இருக்கும் பக்கத்தை ஒட்டிய குழி. அந்தப் பக்கத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இன்னும் பன்னிரண்டு துளைகள் போட்டு எல்லையைக் கண்டுபிடித்த பிறகுதான் கலப்பை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் முகம் சுளித்தார், ஆனால் கையெழுத்திட்டார். திட்டுகளில் சுண்ணாம்பு கலந்து, மேலே அமிலமில்லாத மண்ணை மேலும் பரப்புவது தனி வேலையாகப் போகிறது. எஞ்சிய பகுதியைக் கிழிக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

குழிவெட்டி

ஈரம். அடிமண் உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும்போது மட்டும் கிழியுங்கள். 60 சென்டிமீட்டரிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள திரியாக உடையாமல் உருண்டால் அன்றைக்கு வேலை வேண்டாம். ஈர மண்ணில் கலப்பை முனை வெண்ணெயில் கத்தி போலக் கீறிக்கொண்டு போகும். பக்கச்சுவர் பளபளவென்று மெழுகியதுபோலாகி, ஒரு மாதத்தில் மூடிக்கொள்ளும். கொழுவில் இறக்கைத் தகடு வைத்த கலப்பையாகக் கேளுங்கள், சமஉயரக் கோட்டில் ஓட்டச் சொல்லுங்கள், கிழித்த இடத்தின் மேல் எந்த வண்டியும் திரும்ப ஏறக் கூடாது. முதல் நாளிலேயே நூறு மீட்டர் ஓட்டியதும் வேலையை நிறுத்திவிட்டு, கோட்டுக்குக் குறுக்கே ஒரு குழி வெட்டிப் பாருங்கள். இரண்டு கீறல்களுக்கு நடுவில் உள்ள மண்ணும் உடைந்திருந்தால் தொடருங்கள். கீறல் மட்டும் தெரிந்தால் ஓட்டுநரை அனுப்பிவிட்டு இன்னும் இரண்டு வாரம் காத்திருங்கள்.